கிராம் குறைந்தால் விலை குறையுமா?

வீட்டில் ஷியா பட்டர் கிரீம் செய்து விற்பவர்கள், டப்பா வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

100 மில்லி டப்பாவில் 100 கிராம் ஷியா பட்டர் கிரீம் இருக்காது. கட்டியை உருக்கி அப்படியே ஊற்றினால் ஏறக்குறைய 90 கிராம் பிடிக்கும். அதையே குளிரவைத்து, கேக் பீட்டரால் அடித்து உப்பவைத்து நிரப்பினால் 60, 65 கிராமிலேயே டப்பா நிறைந்துவிடும். மீதி காற்று. பார்க்க அழகாக இருக்கும், இன்ஸ்டாகிராம் படத்துக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் லேபிளில் என்ன எழுதுவது, என்ன விலை வைப்பது என்று வரும்போது அந்தக் காற்று கழுத்தைப் பிடிக்கும்.

மே மாதத்தில் அது முதலில் கழுத்தைப் பிடிக்கிற இடம் கூரியர். சென்னையில் பார்சல் போட்ட டப்பா மதுரை போய்ச் சேர்வதற்குள் ஒருமுறையாவது உருகியிருக்கும். ஷியா பட்டர் நம் உடம்புச் சூட்டிலேயே இளகிவிடுகிற சரக்கு. மூடிய வண்டிக்குள் இருக்கும் வெக்கைக்கு அது எம்மாத்திரம்? உருகியதும் அடித்து ஏற்றிய காற்று போய்விடும். ராத்திரி மறுபடி இறுகும்போது டப்பாவில் மூன்றில் இரண்டு பங்குதான் கிரீம். மெதுவாக ஆறியதால் மணல் மணலாக வேறு திரண்டிருக்கும். "அக்கா, டப்பா பாதி காலியா வந்திருக்கு" என்று படத்தோடு வாட்ஸ்அப் வரும். அனுப்பியவர் ஒரு கிராம்கூடக் குறைக்கவில்லை. ஆனால் லேபிளில் '100 மி.லி.' என்று போட்டிருந்தால் அதை நிரூபிக்க வழியில்லை. '65 கிராம்' என்று போட்டிருந்தால் ஒரு தராசு போதும்.

சட்டமும் அதைத்தான் கேட்கிறது. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி திடப்பொருள், பாதி திடமான பொருள், குழைவான பொருள் எல்லாவற்றுக்கும் நிகர அளவை எடையில்தான் சொல்ல வேண்டும். ஆகவே இந்தக் கட்டுரையில் இனிமேல் மில்லிக்கு வேலையில்லை. எல்லாம் கிராம்.

கடலூர் கற்றுக்கொடுத்தது

விலை என்று வந்தால் தமிழ்நாட்டில் நம் எல்லோருக்கும் ஒரு பழைய பாடம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. சின்னதாகப் போடு, சல்லிசாகக் கொடு, ஊரே வாங்கும். இந்தப் பாடம் எழுதப்பட்டது கடலூரில். பணக்காரர் பயன்படுத்துகிற பொருளைக் கூலிக்காரரும் வாங்க வேண்டுமென்றால் அதைச் சின்ன பாக்கெட்டில் அடைக்க வேண்டும் என்ற யோசனையோடு அலைந்தவர் அந்த ஊர்க்காரரான சின்னி கிருஷ்ணன். அவர் பிள்ளைகள் வெல்வெட் ஷாம்புவைப் பாக்கெட்டில் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவரான சி.கே.ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயோடு தனியே வந்து, அப்பா பெயரை வைத்தே 'சிக்' ஷாம்புவைத் தொடங்கினார். பிற்பாடு அதை 50 காசுக்குக் கொடுத்தார். அந்த நிறுவனம்தான் இன்றைய கெவின்கேர். பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் எல்லா பாக்கெட்டுக்கும் அந்தக் கதையில் பங்கு உண்டு.

ஷாம்புவில் ஒரு விநோதம் இன்றைக்கும் உண்டு. பல பிராண்டுகளில் பாட்டிலைவிட பாக்கெட்டில்தான் ஒரு மில்லி மலிவு. சின்னது வாங்குகிறவருக்கு லாபம், பெரியது வாங்குகிறவருக்கு நஷ்டம். உலகத்தில் மற்ற பொருள்களுக்கு இருக்கிற வழக்கத்துக்கு இது நேர் எதிர். எப்படி முடிகிறது? பாக்கெட் இயந்திரம் ஒரு சுருள் பிளாஸ்டிக் தாளை இழுத்து, மடித்து, நிரப்பி, ஒட்டி, வெட்டி, தொடர்ந்து கொட்டிக்கொண்டே இருக்கும். ஒரு பாக்கெட்டுக்கு விழுகிற கூலி காசுக் கணக்கில்கூடச் சரியாக வராது. டப்பா இல்லை, மூடி இல்லை, தனி லேபிள் இல்லை.

வீட்டு அடுப்படியில் அந்த இயந்திரம் இல்லை. இருப்பது இரண்டு கை. இதை மறந்துவிட்டுத்தான் பலர் '50 ரூபாய்க்கு ஒரு சின்ன டப்பா' போடுகிறார்கள். நல்ல மனசோடுதான் போடுகிறார்கள். வாங்குகிறவர்கள் கேட்கவும் செய்கிறார்கள். ஆறு மாதம் கழித்து, விற்றது நிறைய, கையில் நின்றது ஒன்றுமில்லை என்று தெரியவரும்போது, ஷியா பட்டர் விலை ஏறிவிட்டதுதான் காரணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல நேரம் காரணம் அது இல்லை. டப்பாதான்.

ஆறு நிமிடம்

ஒரு டப்பா எப்படித் தயாராகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தால் இது விளங்கும். கிரீம் ஏற்கெனவே தயார், பெரிய பாத்திரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். காலி டப்பாவை எடுத்து உள்ளே ஸ்பிரிட் தெளித்துத் துடைக்க வேண்டும். தராசில் வைத்து முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். கேக் அலங்கரிக்கிற கூம்புப் பையால் கிரீமைப் பிழிய வேண்டும். இரண்டு கிராம் கூடிவிட்டது, வழித்தெடுக்க வேண்டும். ஒரு கிராம் குறைகிறது, மறுபடி பிழிய வேண்டும். விளிம்பைத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூடி எண்ணெய் கசியும். உள்மூடி, அதன்மேல் மூடி. லேபிள் கோணாமல் ஒட்ட வேண்டும். எண்ணெய்க் கையோடு தொட்டால் லேபிள் பாழ். கழுத்தில் பிளாஸ்டிக் உறை மாட்டி ஹேர் டிரையரால் சூடு காட்டிச் சுருக்க வேண்டும். அடியில் பேட்ச் எண்ணும் தேதியும் அடிக்க வேண்டும். கை பழகியவருக்கும் இது ஆறு நிமிடம் பிடிக்கும்.

15 கிராம் டப்பாவுக்கும் ஆறு நிமிடம். 100 கிராம் டப்பாவுக்கும் அதே ஆறு நிமிடம். சொல்லப்போனால் சின்னதில்தான் கஷ்டம் அதிகம்.

இப்போது கணக்கு. எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஷியா பட்டர், அதில் கலக்கும் பாதாம் எண்ணெய், விட்டமின் ஈ, வாசனை, காய்ச்சி அடிக்கிற கூலி, பாத்திரத்தில் ஒட்டி வீணாவது எல்லாம் சேர்த்து ஒரு கிராம் கிரீமுக்கு ஒரு ரூபாய் அடக்கம் என்று வைத்துக்கொள்வோம். டப்பாவும் மூடியும் 15 கிராமுக்கு 9 ரூபாய், 50 கிராமுக்கு 14, 100 கிராமுக்கு 18. லேபிள் எதற்கானாலும் 3 ரூபாய். உள்மூடியும் சுருக்கு உறையும் 3. ஆறு நிமிடக் கூலி, மணிக்கு 90 ரூபாய் வீதம், 9 ரூபாய். மணிக்கு 90 என்பது தாராளமில்லை. ஆனால் வீட்டுத்தொழில் செய்கிற நம் பெண்கள் முதலில் அடிக்கிற வரி தங்கள் கூலிதான் என்பதால், அதை எழுதியே தீர வேண்டும்.

கூட்டிப் பாருங்கள். 15 கிராம் டப்பா வெளியே வரும்போது 39 ரூபாய் ஆகியிருக்கும். 50 கிராம் 79. 100 கிராம் 133. ஒரு கிராமுக்கு என்று பிரித்தால் சின்னதில் 2 ரூபாய் 60 காசு, நடுவில் 1 ரூபாய் 58 காசு, பெரியதில் 1 ரூபாய் 33 காசு. உள்ளே இருப்பது ஒரே கிரீம்.

இதைப் பார்க்காமல், 'கிராம் 3 ரூபாய்' என்று நேர்க்கோடு போட்டு விலை வைத்தவர் கதி என்ன? 100 கிராம் 300 ரூபாய், 50 கிராம் 150, 15 கிராம் 45. பெரிய டப்பா விற்றால் 167 ரூபாய் மிஞ்சும். நடுவில் 71. சின்னதில் 6. அதாவது ஒரு பெரிய டப்பா தருகிற லாபத்துக்கு ஏறக்குறைய 28 சின்ன டப்பா நிரப்பி, துடைத்து, ஒட்டி, கட்ட வேண்டும். சின்னது வேறு வேகமாக விற்கும்! வாடிக்கையாளர் புதியவர், முதலில் கொஞ்சம் வாங்கிப் பார்ப்போம் என்று அதைத்தான் எடுப்பார். ஆர்டர் குவியக் குவிய வீட்டுக்காரி களைத்துப்போவாள்.

கடைக்காரர் வந்தால்

இதுவரை போட்டது நீங்களே நேரடியாக விற்கிற கணக்கு. தொழில் கொஞ்சம் நிமிர்ந்ததும் ஆர்கானிக் கடைக்காரரோ அழகு நிலையத்துக்காரரோ வருவார். நூற்றுக்கு முப்பது கழிவு கேட்பார் என்று வைப்போம். 45 ரூபாய் டப்பாவுக்கு உங்கள் கைக்கு வருவது 31 ரூபாய் 50 காசு. அடக்கம் 39. ஒவ்வொரு சின்ன டப்பாவுக்கும் ஏழரை ரூபாய் கைவிட்டுப் போகும். கடைக்காரர் அநியாயக்காரர் இல்லை. அவருக்கு வாடகையும் ஆள் சம்பளமும் இருக்கின்றன. தவறு, வாட்ஸ்அப்பில் தெரிந்தவர்களுக்குச் சொன்ன விலையையே டப்பாவில் அதிகபட்ச விலையாக அச்சடித்ததில். அச்சடித்த விலைக்கு மேல் கடைக்காரரும் விற்க முடியாது, நீங்களும் விற்க முடியாது. கடைக்கு ஒரு விலை, வீட்டுக்கு ஒரு விலை என்று பிறகு பிரிக்கவும் முடியாது. ஆகவே இன்றைக்குக் கடை இல்லாவிட்டாலும் கடை வரும் என்று நினைத்தே முதல் விலையை வைக்க வேண்டும். தெரிந்தவர்களுக்குத் தள்ளுபடி கொடுத்துக்கொள்ளலாம். அதை யாரும் தடுக்கப்போவதில்லை.

மேலே சொன்ன அடக்கத்துக்கு நான் வைப்பதானால் 15 கிராம் 99 ரூபாய், 50 கிராம் 210, 100 கிராம் 349 என்று வைப்பேன். கடைக் கழிவு போக முறையே 30, 68, 111 ரூபாய் நிற்கும். சின்னதுக்கு 99 ரூபாயா என்று கேட்பார்கள். கேட்கட்டும். அந்தக் கேள்வியிலேயே பாதிப் பேர் நடு டப்பாவுக்குப் போய்விடுவார்கள், அதுதான் வேண்டும். மூன்று அளவு வைப்பதன் சூட்சுமமே இதுதான்: சின்னது வாசலில் நிற்க, பெரியது விசுவாசிகளுக்கு, நடுவில் இருப்பது சம்பாதிக்க. ஐந்து அளவு, ஆறு அளவு என்று போகிறவர்கள் டப்பா ஸ்டாக்கிலேயே பணத்தை முடக்கிவிடுகிறார்கள். மொத்தக் கடையில் டப்பா வாங்கப்போனால் நூறு நூறாகத்தான் கட்டுவார்கள் என்பது போய் நின்றவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. இப்போதைய விதிப்படி பொட்டலத்தில் மொத்த விலையோடு ஒரு கிராமின் விலையையும் போட வேண்டும். 15 கிராம் டப்பாவில் கிராம் 6 ரூபாய் 60 காசு, 100 கிராமில் 3 ரூபாய் 49 காசு என்று பக்கத்துப் பக்கத்தில் தெரியும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சின்ன டப்பாவில் வாங்குகிறவர் கிரீமுக்கு மட்டும் காசு கொடுக்கவில்லை, டப்பாவுக்கும் உங்கள் ஆறு நிமிடத்துக்கும் சேர்த்துக் கொடுக்கிறார். கேட்டால் அப்படியே சொல்லிவிடலாம்.

ஜி.எஸ்.டி. பதிவு எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்புக் கட்டிக்கான வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. தோலுக்குப் பூசும் கிரீம் 18-லேயே நிற்கிறது. அச்சடித்த விலைக்குள் வரியும் அடக்கம் என்பதால் 349 ரூபாயில் 53 ரூபாய் 24 காசு உங்களுடையது இல்லை. அதே ஷியா பட்டரைப் போட்டு சோப்பும் செய்கிறவர்கள் இரண்டுக்கும் ஒரே லாபக் கணக்கைப் போட்டால் கிரீமில் அடிபடுவார்கள்.

லைசென்ஸ் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுவும் விலைக்குள் வர வேண்டிய செலவு. வீட்டில் செய்தாலும், ஐந்து டப்பாதான் என்றாலும், விற்பனைக்கு என்றால் அது அழகுசாதனப் பொருள். 1940-ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனச் சட்டமும் 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளும் அதற்குப் பொருந்தும். உற்பத்தி உரிமத்துக்கு சி.ஓ.எஸ்-5 படிவத்தில் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் விண்ணப்பித்து சி.ஓ.எஸ்-8 வாங்க வேண்டும். அதற்கான இடவசதி வீட்டில் இல்லாதவர்கள், உரிமம் உள்ள ஒரு தொழிற்கூடத்தில் தங்கள் கலவையைச் செய்துகொள்ள சி.ஓ.எஸ்-9 என்ற வழி இருக்கிறது. 'குதிகால் வெடிப்பைக் குணமாக்கும்', 'படை போகும்' என்றெல்லாம் லேபிளில் எழுதினால் அது கிரீமை விட்டு மருந்துக்குள் போய்விடும். 'மிருதுவாக்கும்' என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எத்தனை நாளைக்கு ஒரு டப்பா?

15, 50, 100 என்று நான் சொன்னது உதாரணம். உங்கள் அளவை உங்கள் பொருளும் ஊரும்தான் சொல்ல வேண்டும். அதற்கு ஒரே வழி தராசு. ஒரு டப்பாவை எடைபோட்டு வீட்டில் பயன்படுத்தக் கொடுங்கள். அக்கா, நாத்தனார், பக்கத்து வீட்டு அத்தை என்று நாலு பேரிடம் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி எடைபோடுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு போகிறது என்று தெரிந்துவிடும்.

ராத்திரி படுக்கப்போகும் முன் இரண்டு குதிகாலுக்கும் சேர்த்து ஒரு கிராம் தடவுகிறார்கள் என்றால் 50 கிராம் டப்பா ஒன்றரை மாதம் வரும். கை கால் முழுக்கப் பூசுகிறவருக்கு நாளைக்கு 5 கிராம் போனால் 100 கிராம் டப்பா இருபது நாளில் காலி. உதட்டுக்குப் போடுகிற பாமோ 5 கிராமே மாசக்கணக்கில் வரும். ஒரு டப்பா ஒரு மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் தீர்ந்துபோகிற மாதிரி இருந்தால் நல்லது. அதற்கு முன்பே தீர்ந்தால் விலை உறைக்கும். ரொம்ப நாள் கிடந்தால் சரக்கு கெடும்.

கெடுமா என்று கேட்கலாம், தண்ணீரே சேர்க்காத பொருள்தானே? கிருமி அவ்வளவு சுலபமாக வளராதுதான். ஆனால் குளியலறை அலமாரியில் ஈரக்கையோடு தோண்டி எடுக்கிற டப்பாவுக்குள் தண்ணீர் போய்க்கொண்டேதான் இருக்கும். அதோடு எண்ணெய்க்குக் காறல் உண்டு. விட்டமின் ஈ அதைத் தள்ளிப்போடும், தடுத்துவிடாது.

இதனால்தான் சென்னை மாதிரி ஊரில் 200 கிராம் டப்பா போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இங்கே தோல் வறள்வது மார்கழி, தை மட்டும். டிசம்பரில் ஆசையாக வாங்கியவர் மாசி பிறந்ததும் வியர்வையில் பிசுபிசுக்கிறது என்று மூடிவைத்துவிடுவார். ஆனி, ஆடியில் திறந்து பார்த்தால் காறல் வாடை. பழி கிரீம் செய்தவர் தலையில். அதே 200 கிராம் டப்பா ஊட்டியிலோ கொடைக்கானலிலோ தாராளமாக ஓடும். வருஷம் முழுக்கக் குளிர், முழுக் குடும்பமும் பூசும். ஒரே ஆள் இரண்டு ஊருக்கும் விற்கலாம், ஆனால் ஒரே டப்பாவில் வேண்டாம்.

கோடையில் இன்னொரு மாற்றம் செய்யலாம். பங்குனி முதல் ஆடி வரை அடித்து உப்பவைத்த கிரீமை நிறுத்திவிட்டு, உருக்கி ஊற்றுகிற பாமுக்கு மாறிவிடுவது. தேன்மெழுகு 60 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதைக் கொஞ்சம் சேர்த்தால் பாம் கெட்டியாக நிற்கும். உருகினாலும் அளவு அவ்வளவாக இறங்காது, ஏனென்றால் உள்ளே ஏற்றிவைத்த காற்றே இல்லை. அதே 65 கிராமுக்கு இன்னும் சின்ன டப்பா போதும். வாடிக்கையாளர் கண்ணுக்கு அது சின்னதாகத் தெரியும் என்பது உண்மைதான். எடையைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

சின்ன டப்பாவின் நிஜமான வீடு

சின்ன டப்பாவை இவ்வளவு திட்டிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். அதற்கு நல்ல சந்தை ஒன்று உண்டு, அது கடை அலமாரி இல்லை. தாம்பூலப் பை.

கல்யாணம், சீமந்தம், கிரகப்பிரவேசம், நவராத்திரி கொலு. வெற்றிலை பாக்கோடு வைத்துக்கொடுக்க ஏதாவது ஒன்று தேடுகிறார்கள். எவர்சில்வர் கிண்ணமும் பிளாஸ்டிக் டப்பாவும் எல்லோர் வீட்டிலும் அடுக்கி முடியாமல் கிடக்கின்றன. 15 கிராம் தகர டப்பாவில் பெண்ணும் மாப்பிள்ளையும் பேர் போட்ட ஒரு கிரீம் என்றால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். இங்கே வாடிக்கையாளர் கேட்பது கிராம் விலையை இல்லை. "ஒண்ணு அம்பது ரூபாய்க்குள்ள முடியுமா?" என்றுதான்.

முடியும். 200 டப்பா என்கிறபோது கணக்கே வேறு. தகர டப்பா மொத்தத்தில் 6 ரூபாய்க்குக் கிடைத்தால், ஒரே லேபிளை 200 அடிப்பதால் 2 ரூபாய்க்கு முடிந்தால், சுருக்கு உறை வேண்டாம் என்றால், உருக்கிய பாமை வரிசையாக வைத்த டப்பாக்களில் கெட்டிலால் ஊற்றிக்கொண்டே போனால் ஆறு நிமிடம் இரண்டு நிமிடமாகச் சுருங்கும்; கூலி 3 ரூபாய். கிரீம் 15. மொத்தம் 26 ரூபாய். 50-க்குக் கொடுத்தால் டப்பாவுக்கு 24 நிற்கும், 200-க்கு 4,800. விநியோகம் ஒரே இடத்துக்கு. கூரியர் இல்லை, 'எப்ப வரும் அக்கா' இல்லை. முன்பணம் பாதி வாங்கிக்கொள்ளலாம், வாங்கிக்கொள்ள வேண்டும். கடலூர்ப் பாடம் இங்கேதான் வேலை செய்கிறது: ஒரே மாதிரியாக நிறையச் செய்தால்தான் சின்னது மலிவாகும்.

இங்கே 99, 199 என்ற கடை விலையும் வேண்டாம். விசேஷ வீட்டுக்குச் செய்கிறபோது 51, 101 என்றால் கேட்கிறவருக்கும் மனசுக்கு நிறைவாக இருக்கும். ஒரு ரூபாய் நமக்கும் அதிகம்.

கூரியர்க்காரர் தராசு

அளவைத் தீர்மானிக்கிற இன்னொரு ஆள் கூரியர்க்காரர். பெரும்பாலான கூரியர்களில் முதல் படி 500 கிராம். 501 ஆனால் அடுத்த படிக் கட்டணம். பிளாஸ்டிக் டப்பாவில் 100 கிராம் கிரீம் என்றால் மூன்று டப்பாவும் அட்டைப்பெட்டியும் 500-க்குள் அடங்கிவிடும். கண்ணாடி டப்பா என்றால் இரண்டிலேயே தட்டிவிடும்; கண்ணாடி பல சமயம் உள்ளே இருக்கிற கிரீமைவிடக் கனம். கண்ணாடி அழகுதான். உடைந்தால் மாற்றி அனுப்புவது யார் செலவு என்றும் யோசித்துக்கொள்ளுங்கள்.

எடை மட்டும் பார்த்தால் போதாது. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருகிறதையும் அவர்கள் எடையாக எடுத்துக்கொள்வார்கள். எது அதிகமோ அதற்குத்தான் காசு. 20-க்கு 15-க்கு 10 பெட்டி 600 கிராமுக்குச் சமம், உள்ளே 400 கிராம்தான் இருந்தாலும் சரி. 18-க்கு 12-க்கு 10 என்றால் 432. பெட்டியின் நீள அகலத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைத்தால் ஒவ்வொரு பார்சலுக்கும் ஒரு படிக் கட்டணம் மிச்சம். டப்பா வாங்கப் போகும்போதே டேப்பை எடுத்துக்கொண்டு போய், மூன்று டப்பாவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்து வாங்குகிறவர் இந்தத் தொழிலில் பிழைத்துக்கொள்வார். ஒற்றை 15 கிராம் டப்பாவை மட்டும் கூரியரில் அனுப்பவே கூடாது என்பது என் கட்சி. மூன்றுக்குக் குறைந்து அனுப்புவதில்லை என்று சொல்லிவிடலாம்.

கட்டி எங்கிருந்து வருகிறது

கடைசியாக மூலப்பொருள். அடக்கத்தில் கிராமுக்கு ஒரு ரூபாய் என்று எழுதினோமே, அந்த ஒரு ரூபாய் நம் கையில் இல்லை. ஷியா மரம் செனகல் தொடங்கி உகாண்டா வரை, சஹாராவுக்குத் தெற்கே உள்ள புல்வெளிகளில் மட்டும் வளர்வது. நம் இலுப்பையும் அதுவும் ஒரே தாவரக் குடும்பம். காய்க்க ஆரம்பிக்கவே பதினைந்து இருபது வருஷம் ஆகும் என்பதால் தோட்டம் போட்டு வளர்ப்பவர்கள் குறைவு. தானாக வளர்ந்து நிற்கிற மரத்தடியில் விழுந்ததைப் பெண்கள் விடிகாலையில் பொறுக்குகிறார்கள். வடக்கு கானா, புர்கினா ஃபாஸோ, மாலி, நைஜீரியா எங்கும் இது பெண்கள் தொழில். கொட்டையை வேகவைத்து, காயவைத்து, உடைத்து, பருப்பை வறுத்து, அரைத்து, தண்ணீர் விட்டுக் கையால் பிசைந்து பிசைந்து வெண்ணெயைப் பிரித்து, அதைக் காய்ச்சி எடுக்க வேண்டும். மூன்று நான்கு கிலோ பருப்புக்கு ஒரு கிலோ வெண்ணெய் தேறும். 1796 வாக்கில் மங்கோ பார்க் என்ற ஸ்காட்லாந்துப் பயணி இந்த வேலையை மாலிப் பக்கத்தில் பார்த்து எழுதிவைத்தார்.

ஏற்றுமதியாகும் ஷியாவில் பெரும்பங்கு அழகுசாதனத்துக்குப் போவதில்லை, சாக்லேட்டுக்குப் போகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000-ஆம் ஆண்டு உத்தரவு, கொக்கோ வெண்ணெய் அல்லாத ஆறு தாவரக் கொழுப்புகளை சாக்லேட்டில் 5 சதவீதம் வரை சேர்க்க அனுமதிக்கிறது. அதில் ஒன்று ஷியா. கொக்கோ விலை ஏறினால் சாக்லேட் கம்பெனிகள் இந்தப் பக்கம் திரும்பும், ஷியாவின் விலையும் ஆடும். அதோடு அந்த நாடுகளும் கொட்டையாக விற்பது போதும், வெண்ணெயாக்கி விற்போம் என்று முடிவெடுக்கத் தொடங்கியிருக்கின்றன. புர்கினா ஃபாஸோ 2024-இல் கொட்டை ஏற்றுமதியை நிறுத்திவைத்தது. நைஜீரியா 2025 ஆகஸ்டில் ஆறு மாதத் தடை விதித்தது. பொறுக்குகிற பெண்கள் பக்கம் நின்று பார்த்தால் நியாயமான காரியம். தாம்பரத்தில் இரண்டு கிலோ கட்டி வாங்குகிறவருக்கு, போன மாத விலை இந்த மாதம் இருக்காது என்று அர்த்தம்.

அந்த ஆறு கொழுப்புகளின் பட்டியலில் குங்கிலிய மரத்துச் சால் விதைக் கொழுப்பு, கொக்கம் வெண்ணெய், மாங்கொட்டைப் பருப்புக் கொழுப்பு என்று மூன்று இந்தியாவிலேயே கிடைப்பவை. கொக்கம் ஷியாவைவிடக் கெட்டி. கால் பங்கு கலந்தால் கோடையிலும் நிற்கும், இறக்குமதி விலை ஏற்றத்தின் அடியும் கொஞ்சம் குறையும். கலந்தால் லேபிளில் எழுத வேண்டும், 'சுத்த ஷியா' என்று விற்கக் கூடாது.

விலை ஏறும்போது பெரிய கம்பெனிகள் செய்வது நமக்குத் தெரியும்: பத்து ரூபாய் பாக்கெட் பத்து ரூபாயாகவே இருக்கும், உள்ளே பிஸ்கட் குறையும். வீட்டுத் தொழில்காரர் அதைச் செய்யக் கூடாது என்பேன். 50 கிராம் டப்பாவை 45 ஆக்கினால் மேலே இடைவெளி தெரியும், பழைய வாடிக்கையாளர் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார். புது டப்பா வாங்கினால் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும். விலையைத்தான் ஏற்ற வேண்டும், சொல்லிவிட்டு ஏற்ற வேண்டும்.

அதற்கு வசதியாக ஒன்று செய்துகொள்ளுங்கள். ஆயிரம் லேபிள் அடித்தால் மலிவு என்று பிரஸ்காரர் சொல்வார். பெயர், முகவரி, சேர்மானம், புகார் சொல்ல வேண்டிய எண் எல்லாவற்றையும் ஆயிரம் அடித்துக்கொள்ளலாம், உரிம எண்ணும் அதிலேயே வரட்டும். விலை, கிராம் விலை, தயாரித்த மாதம், பேட்ச் எண் ஆகிய நான்குக்கு மட்டும் இடம் காலியாக விட்டுவிட்டு, அடைக்கிற அன்றைக்கு ரப்பர் ஸ்டாம்பிலோ கைப் பிரின்டரிலோ அடிக்க வேண்டும். ஏனென்றால் அச்சடித்த விலையைக் குறைத்து, பழையது மறையாமல் பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டலாம். ஏற்றி ஒட்ட விதியில் இடமில்லை. விலையோடு அச்சடித்த ஆயிரம் லேபிளில் எழுநூறு மிச்சமிருக்கும்போது கட்டி விலை ஏறினால், அந்த எழுநூறையும் பழைய விலைக்கே ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் பழைய பேப்பர்காரரிடம் போட வேண்டும்.